ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லையா? கேபிளை முறுக்கும் முன் டிரம்மைப் பாருங்கள்

எங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டிலிருந்து மேலே ஏறும் சரிவில் ஒரு நாள் காலை கேட் திறக்கக் காத்திருந்தேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கண்ணாடியில் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் கார் மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர்தான் கிட்ட வருகிறார் என்று நினைத்தேன். வாட்ச்மேன் "சார், சார், பிரேக்!" என்று கத்தியபோதுதான் நகர்வது நான் என்று உறைத்தது.

அந்த வருடம் மட்டும் அதே கோளாறுக்காக மூன்று தடவை ஒரு கடைக்குப் போயிருந்தேன். மூன்று தடவையும் ஒரே வைத்தியம்: லீவருக்குக் கீழே இருக்கும் நட்டை இன்னும் நாலு சுற்று முறுக்கிவிடுவார்கள். ஒரு மாதம் பிடிக்கும், அப்புறம் பழைய கதை. மூன்றாவது முறைக்குப் பிறகு லீவர் "டக் டக்" என்று இரண்டே பல் ஏறியதும் நின்றுவிட்டது. ஆனால் பின் சக்கரத்திலிருந்து கருகிய வாடை வர ஆரம்பித்தது.

கடைசியில் எங்கள் பெங்களூரின் மர்ஃபி டவுனில், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து பல வருடமாக ஷெட் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். லீவரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "மாடு அத்துக்கிட்டுப் போவுதுன்னு கயித்தையே இறுக்கிக்கிட்டு இருந்தா எப்படிண்ணா? முளை ஆடுதான்னு யாராச்சும் பார்த்தாங்களா?" என்றார். முளை என்று அவர் சொன்னது, பின் சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் மாதிரியான டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவை. அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததும், அதற்குப் பிறகு நானே வீட்டில் செய்து பழகியதும்தான் இந்த வழிகாட்டி.

உள்ளே என்ன நடக்கிறது

லீவரை இழுத்தால் ஒரு கம்பி இழுபடுகிறது. அது ஒரு சிறிய தகட்டில் முடிந்து, அங்கிருந்து இரண்டு கேபிள்களாகப் பிரிந்து இடது, வலது பின் சக்கரங்களுக்குப் போகிறது. அந்தத் தகடு இரண்டு பக்கமும் இழுவை சமமாகப் போவதைப் பார்த்துக்கொள்கிறது. டிரம்முக்குள்ளே கேபிள் முனை ஒரு இரும்புக் கையைப் பிடித்து இழுக்கும். அந்தக் கை ஒரு ஷூவை நேராகவும், நடுவில் குறுக்கே கிடக்கும் கம்பி வழியாக மற்ற ஷூவையும் வெளியே தள்ளும். ஷூவின் முதுகில் ஒட்டியிருக்கும் லைனிங் டிரம்மின் உள்சுவரில் அழுந்தும். அவ்வளவுதான். இதில் எண்ணெய் அழுத்தம் எதுவும் கிடையாது. கால் பிரேக் முழுதாகப் போய்விட்டாலும் இது தனியாக வேலை செய்வது அதனால்தான்.

லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடும். அந்த இடைவெளியைத் தானாக நிரப்புவதற்காகவே குறுக்குக் கம்பியில் பல் வைத்த ஒரு அமைப்பு இருக்கும். கால் பிரேக்கை மிதிக்கும்போதோ ஹேண்ட்பிரேக்கை இழுக்கும்போதோ, இடைவெளி அளவுக்கு மீறியிருந்தால் அது ஒரு பல் நகர்ந்து கம்பியை நீட்டிவிடும்.

இனி என் காருக்கு என்ன ஆனது என்று பாருங்கள். கேபிளை முறுக்கினால் டிரம்முக்குள் இருக்கும் இரும்புக் கை எப்போதும் பாதி இழுபட்ட நிலையிலேயே நிற்கும். தானியங்கி அமைப்பின் கணக்கில் இடைவெளியே இல்லை, எனவே அது நகர்வதை நிறுத்திவிடும். ஷூ தேய்ந்துகொண்டே போகும், கம்பி நீளாது, லீவர் மறுபடி மேலே வரும், மறுபடி நட்டை முறுக்குவோம். ஒரு கட்டத்தில் ஷூ டிரம்மை விட்டுப் பிரியாமலே உரச ஆரம்பிக்கும். கருகிய வாடை அங்கிருந்துதான் வந்தது.

எனவே வரிசை இதுதான்: முதலில் டிரம், அப்புறம் கேபிள். சில பழைய கார்களில் கேபிள் உண்மையாகவே நீண்டிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதை முதலில் சந்தேகப்படாதீர்கள்.

உங்கள் கார் எந்த வகை

பின் சக்கரத்தில் டிரம் இருந்தால் இங்கே சொல்வது முழுதாகப் பொருந்தும். நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ரிம்முக்கு உள்ளே பளபளப்பான வட்டத் தட்டும் அதைக் கவ்விய காலிப்பரும் தெரிந்தால் அது டிஸ்க். அதிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் ஹேண்ட்பிரேக் கேபிள் காலிப்பரையே இயக்கும். இன்னொன்றில் டிஸ்க்கின் நடுப்பகுதிக்குள் ஒரு குட்டி டிரம் ஒளிந்திருக்கும், ஹேண்ட்பிரேக் அதற்கு மட்டும். குட்டி டிரம் வகையில், ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் சிறிய பல்சக்கரத்தைப் பெரும்பாலும் டிஸ்க் முகப்பில் உள்ள துளை வழியாகவே திருப்பலாம். காலிப்பர் வகையில் ஒன்றைக் கவனித்தால் போதும்: ஹேண்ட்பிரேக்கை விட்டதும் காலிப்பரில் இருக்கும் கை அதன் தடுப்பில் போய் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் கேபிள் இறுக்கம் அதிகம், அல்லது கை துருப்பிடித்து இறுகியிருக்கிறது.

லீவருக்குப் பதில் பட்டன் இருந்தால் அது மின் ஹேண்ட்பிரேக். அதன் மோட்டாரைப் பின்னுக்கு இழுக்க ஸ்கேனர் கருவியோ தனிச் சர்வீஸ் முறையோ தேவை. அதை வீட்டில் திறக்க வேண்டாம்.

ஜாக்கி போடாமலே பாதி விடை

சமதளத்தில் நின்று லீவரை மெதுவாக இழுத்து "டக் டக்" என்று எத்தனை பல் ஏறுகிறது என்று எண்ணுங்கள். வெறியோடு இழுக்க வேண்டாம், தினமும் எப்படி இழுப்பீர்களோ அப்படி. பொதுவாக ஐந்திலிருந்து எட்டுப் பல்லுக்குள் கெட்டியாக நிற்க வேண்டும். உங்கள் காரின் கையேட்டில் இதற்கென்று ஒரு எண் இருக்கும், அதுதான் இறுதி. பத்தைத் தாண்டினால் வேலை இருக்கிறது. இரண்டு மூன்றிலேயே நின்றுவிட்டால் அதுவும் நல்லதில்லை, யாரோ கேபிளை அதிகமாக முறுக்கியிருக்கிறார்கள்.

அடுத்து, இன்ஜினை ஓட விட்டு, ஹேண்ட்பிரேக்கை முழுதாக விட்டுவிட்டு, கால் பிரேக்கை இருபது தடவை நன்றாக மிதித்து விடுங்கள். மறுபடி பல்லை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் தானியங்கி அமைப்பு சோம்பேறியாக இருந்திருக்கிறது, இப்போது விழித்துக்கொண்டது. சில சமயம் கதை இத்தோடு முடிந்துவிடும், காசும் இல்லை, கறையும் இல்லை.

குறையவில்லையா? பெரியவர் காட்டிய ஒரு சோதனை இருக்கிறது. முதலில் பிரேக் பெடலை மிதித்து அது எவ்வளவு கீழே போகிறது என்று மனதில் வையுங்கள். பிறகு ஹேண்ட்பிரேக்கை மூன்று நாலு பல் இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி மிதியுங்கள். பெடல் முன்பைவிட மேலேயே, கெட்டியாக நின்றால், டிரம்முக்குள் இடைவெளி கூடியிருக்கிறது. ஹேண்ட்பிரேக் அந்த இடைவெளியை அடைத்ததால்தான் பெடல் உயர்ந்தது. பெடலில் வித்தியாசமே இல்லை, முதலிலிருந்தே உயரமாகத்தான் இருக்கிறது, ஆனால் லீவர் மட்டும் கூரையைத் தொடுகிறது என்றால் கேபிள் பக்கம் போகலாம்.

டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு லீவரை விட்ட பிறகும் எரிந்தால் அதை ஹேண்ட்பிரேக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். பல கார்களில் பிரேக் ஆயில் குறைந்தாலும் அதே விளக்குதான் எரியும். பானட்டைத் திறந்து ஆயில் டப்பாவின் அளவுக்கோட்டை முதலில் பாருங்கள்.

காரைத் தூக்கும் முன்

சமதளம், கெட்டித் தரை. பேஸ்மெண்ட் பார்க்கிங் இதற்கு நல்ல இடம், சரிவில் வேண்டவே வேண்டாம். எங்கள் அசோசியேஷன் செயலாளர் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிடுவார். அதனால் பழைய செய்தித்தாளை நாலு மடிப்பாக விரித்துக்கொள்வேன். நீங்களும் அப்படியே செய்தால் உறவு கெடாது.

இந்த வேலையில் உள்ள பெரிய ஆபத்து என்னவென்றால், எந்த பிரேக் காரைப் பிடித்து நிறுத்துமோ அதையே விடுவித்துவிட்டுத்தான் வேலை செய்யப் போகிறோம். அதனால் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை அல்லது செங்கல் அணை கொடுங்கள். முன் சக்கர இழுவை கார் என்றால் முதல் கியரில் போட்டு வையுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். பின் சக்கரங்கள் அப்போதும் தாராளமாகச் சுற்றும். ஈக்கோ, பொலிரோ போன்ற பின் சக்கர இழுவை வண்டிகளில் கியர் உதவாது, சக்கரம் சுற்ற நியூட்ரலில்தான் வைக்க வேண்டும். அங்கே கட்டை ஒன்றுதான் துணை.

சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியோடு வந்த ஜாக்கியால் தூக்கலாம், ஆனால் அதன் மேல் காரை நிற்க விடக் கூடாது. ஜாக்கி ஸ்டாண்ட் ஒன்று வாங்கி, கையேடு காட்டும் இடத்தில் முட்டுக்கொடுத்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் படுக்கவைத்துவிடுங்கள். ஸ்டாண்ட் வழுக்கினாலும் அது ஒரு தலையணை.

சாமான்கள் பெரிதாக எதுவும் இல்லை. 10, 12, 14 அளவு ஸ்பேனர்கள், ஆழமான பாக்ஸ் ஸ்பேனர், தட்டை ஸ்குரூ டிரைவர், சுத்தியல், டார்ச், பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, உப்புத்தாள், சூடு தாங்கும் கிரீஸ், முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. இல்லாததை ஜே.சி. ரோட்டில் ஒரு சுற்று நடந்தால் வாங்கிவிடலாம். ஷூவும் கேபிளும் வாங்குவதற்கும் அதே தெருதான், ஆனால் பழைய பொருளைக் கையில் எடுத்துப் போங்கள். மாடல் பெயரை மட்டும் சொன்னால் வருடத்துக்கு ஒரு அளவு நீட்டுவார்கள்.

டிரம்முக்குள்

சக்கரத்தைத் தூக்கியதும், லீவர் முழுதாகக் கீழே இருக்கும்போது கையால் சுற்றிப் பாருங்கள். மெல்லிய "ஸ்ஸ்" சத்தம் பரவாயில்லை, கை வலிக்கும் அளவு இறுக்கம் கூடாது. பிறகு உதவிக்கு ஒருவரை உள்ளே உட்கார வைத்து ஒவ்வொரு பல்லாக இழுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது மூன்றாவது பல்லில் சக்கரம் கனக்க ஆரம்பித்து, ஆறு ஏழுக்குள் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் இப்படிப் பாருங்கள். ஒரு பக்கம் நான்கில் நின்று மறுபக்கம் எட்டிலும் சுற்றினால், நட்டை முறுக்கி இதைச் சமன் செய்யவே முடியாது. கோளாறு அந்த டிரம்மிலோ அந்தப் பக்கக் கேபிளிலோதான் இருக்கிறது.

இனி கழற்றல். ஹேண்ட்பிரேக் விட்டிருக்கட்டும். கேபிள் ஏற்கெனவே அதிகம் முறுக்கப்பட்டிருந்தால் லீவருக்குக் கீழே நட்டை முழுதாகத் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் டிரம் வராது. சக்கரத்தை எடுத்த பிறகு, பல கார்களில் டிரம்மின் முகத்தில் இரண்டு மரை போட்ட துளைகள் தெரியும். எட்டு மில்லிமீட்டர் போல்ட் இரண்டை அவற்றில் மாறி மாறி முறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும். துரு பிடித்திருந்தால் சுற்றிலும் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில மாருதி மாடல்களில் டிரம்மும் பேரிங்கும் ஒரே துண்டு. நடுவில் ஒரு மூடி, அதற்குள் பெரிய நட். அதைக் கழற்றினால் புது நட் போட்டு, டார்க் ரெஞ்ச் வைத்து, கையேடு சொல்லும் இறுக்கத்தில் மூட வேண்டும். அந்தக் கருவி இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். டிரம்மின் பின்பக்கத்தை மூடும் பின்தகட்டில் ஒரு ரப்பர் மூடி இருந்தால் அதைப் பிடுங்கி டார்ச் அடித்து லைனிங் தடிமனையாவது பார்க்கலாம். மீதியை மெக்கானிக்கிடம் "ஷூவைப் பாருங்க, கேபிளைத் தொடாதீங்க" என்று சொல்லி ஒப்படைக்கலாம். இந்த ஒரு வாக்கியத்துக்கே பாதிப் பணம் மிச்சமாகும் என்பது என் அனுபவம்.

டிரம் கையோடு வந்ததும் உள்ளே கறுப்புத் தூள் கொட்டும். வாயால் ஊதாதீர்கள், காற்று அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்குக் கேடு. முகமூடி போட்டு, கிளீனரை நனைய அடித்து, துணியால் ஒற்றி எடுங்கள். இன்னொன்று, டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பெடலைத் தொடக் கூடாது. தொட்டால், கால் பிரேக்குக்காக ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் பிதுங்கி வந்து ஆயில் தரையில் ஓடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கதவைப் பூட்டிவிடுங்கள். நான் பெடல் மேல் ஒரு செய்தித்தாள் உருண்டையைச் சொருகி வைப்பேன், ஞாபகத்துக்காக.

முதல் வேலை போனில் நாலு கோணத்தில் படம் எடுப்பது. எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்பது அரை மணி நேரத்தில் மறந்துவிடும். அதற்காகத்தான் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் மறுபக்கம் மாதிரிக்கு இருக்கும்.

பார்க்க வேண்டியவை: லைனிங் தடிமன் 1 மில்லிமீட்டரை நெருங்கியிருந்தால் ஷூ மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. டிரம்மில் வார்த்தோ பொறித்தோ இருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டித் தேய்ந்திருந்தால் டிரம்மும் போக வேண்டியதுதான். உள்சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தாலும் அப்படியே. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் ஆயில் கசிகிறது, லைனிங் ஆயிலில் ஊறியிருக்கும். ஊறிய லைனிங்கை எந்தக் கிளீனராலும் காப்பாற்ற முடியாது. இந்த நிலையில் வீட்டு வேலையை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

இதெல்லாம் நன்றாக இருந்து, லைனிங் முகம் மட்டும் கண்ணாடி மாதிரி மினுமினுத்தால் உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிப் பளபளப்பை எடுங்கள். ஷூவின் விளிம்பு பின்தகட்டில் உரசும் மேடான இடங்கள் சில இருக்கும். அங்கே மட்டும் விரல் நுனி அளவு கிரீஸ். லைனிங்கில் ஒரு புள்ளி பட்டாலும் செய்த வேலை வீண்.

இப்போது இரும்புக் கை. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லீவர் கீழே இருக்கும்போது அந்தக் கை தன் தடுப்பில் போய் முழுதாகச் சாய்ந்திருக்க வேண்டும். விரலால் தள்ளினால் இன்னும் பின்னுக்குப் போகிறது என்றால் கேபிள் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது. நட்டை இன்னும் தளர்த்தியும் கை திரும்பவில்லையா? கேபிள் உறைக்குள் துரு. மூன்று தடவை முறுக்கப்பட்ட என் காரில் கை தடுப்பிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. தானியங்கி அமைப்பின் பற்கள் புத்தம் புதிதாக, ஒன்றுகூட நகராமல் இருந்தன.

அடுத்து குறுக்குக் கம்பியின் பல்சக்கரத்தைத் திருப்பி ஷூக்களை விரித்து, டிரம்மை மாட்டிப் பாருங்கள். டிரம் லேசாக உரசிக்கொண்டு உள்ளே போக வேண்டும். போகவே மறுத்தால் இரண்டு பல் குறையுங்கள். தொளதொளவென்று போனால் இரண்டு பல் கூட்டுங்கள். டிரம்மைக் கழற்றாமலே செய்யும் வசதியுள்ள கார்களில் பின்தகட்டுத் துளை வழியாக ஸ்குரூ டிரைவரை விட்டு, சக்கரம் இறுகும்வரை பல்சக்கரத்தைத் திருப்பி, பிறகு தாராளமாகச் சுற்றும்வரை பின்னுக்கு விட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. பிறகு டிரம்களை மூடி, கால் பிரேக்கைப் பத்துப் பதினைந்து தடவை மிதியுங்கள். ஷூக்கள் தம் இடத்தில் உட்காரும்.

இப்போதுதான் கேபிள்

பல்லை எண்ணுங்கள். பெரும்பாலான சமயம் லீவரின் பல் எண்ணிக்கை ஏற்கெனவே சரியாகியிருக்கும். தேவையிருந்தால் மட்டும் நட்டுக்குப் போங்கள்.

பல கார்களில் அது லீவரின் அடியில், நடு கன்சோலுக்குள் இருக்கும். சில பழைய மாடல்களில் காரின் வயிற்றுக்கு அடியில். கன்சோலைக் கழற்றும் முன் இக்னிஷனை அணைத்துவிடுங்கள். ஏர்பேக்குக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அதன் மேல் ஸ்பேனரைப் போடுவதோ இடிப்பதோ கூடாது. கன்சோல் ஸ்குரூக்கள் மூலையில் ஒளிந்திருக்கும். பிளாஸ்டிக் முறியும் சத்தம் வந்தால் எங்கோ ஒரு ஸ்குரூவை விட்டுவிட்டீர்கள்.

மரை போட்ட கம்பியில் ஒரு நட் அல்லது இரண்டு இருக்கும். இரண்டு இருந்தால் மேலே இருப்பது லாக் நட், அதை முதலில் தளர்த்துங்கள். கம்பி சேர்ந்து சுற்றாமல் பிடித்துக்கொண்டு, அடிநட்டை அரைச் சுற்று. லீவரை மூன்று நாலு தடவை முழுதாக இழுத்து விட்டு, எண்ணுங்கள். மறுபடி அரைச் சுற்று. இப்படி மெல்ல மெல்லத்தான். புதுக் கேபிள் போட்டிருந்தால் தொடங்கும் முன் பத்துத் தடவை பலமாக இழுத்து விடுங்கள், புதிதில் கொஞ்சம் நீளும்.

கையேடு சொல்லும் எண்ணுக்கு வந்ததும் லீவரை முழுதாக இறக்கி, இரண்டு பின் சக்கரங்களும் தாராளமாகச் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். இந்தச் சோதனையை விட்டுவிட்டால் மேலே செய்த எதற்கும் அர்த்தமில்லை. சுற்றவில்லை என்றால் ஒரு சுற்று தளர்த்துங்கள். பல் ஒன்று கூடினாலும் பரவாயில்லை. மரை முடிந்துபோகும்வரை முறுக்கியும் பிடிக்கவில்லையா? கேபிள் நீண்டுவிட்டது, அல்லது உள்ளே கம்பி இழைகள் அறுந்திருக்கின்றன. மாற்ற வேண்டியதுதான்.

லாக் நட்டை இறுக்கி, சக்கரங்களை மாட்டி, காரை இறக்கி, சக்கர நட்டுகளைக் குறுக்கு வரிசையில் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள்.

சரிவில் வைத்துப் பாருங்கள்

ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஐ.நா.வின் ஆர்13எச் என்ற பிரேக் விதிப்படி, முழுச் சுமை ஏற்றிய கார் 20 சதவீதச் சரிவில், மேல்நோக்கியும் கீழ்நோக்கியும், ஹேண்ட்பிரேக்கில் மட்டும் நிற்க வேண்டும். கையால் இழுக்கும் விசை 400 நியூட்டனுக்கு, அதாவது சுமார் 40 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஆயிரம் கிலோ கார் அந்தச் சரிவில் சுமார் 195 கிலோ பலத்தோடு கீழே இழுக்கும். உங்கள் கை கொடுப்பது சில பத்துக் கிலோ. மீதியை லீவரின் நீளமும் டிரம்மும் பார்த்துக்கொள்கின்றன.

உங்கள் சோதனைக்கு அபார்ட்மெண்ட் சரிவே போதும். பின்னால் ஆளோ காரோ இல்லாத நேரம் பாருங்கள். நடுவில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, வழக்கம்போல இழுத்துவிட்டு, காலைப் பெடலுக்கு ஒரு அங்குலம் மேலே வைத்துக்கொண்டே மெதுவாக விடுங்கள். முதலில் மூக்கு மேல்நோக்கி, பிறகு கீழ்நோக்கி. ஒரு திசையில் நின்று மறு திசையில் நழுவினால் ஒரு ஷூ சரியாகப் பதியாமல் இருக்கலாம். புது ஷூ என்றால் முதல் சில நாள் பிடிப்பு சுமாராகத்தான் இருக்கும், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி எண்ணிப் பாருங்கள்.

பிறகு பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, ரிம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அடுப்பு மாதிரி அனல் அடித்தால் அந்த டிரம் உரசுகிறது, திரும்பத் திறக்க வேண்டும்.

மழையும் ஊர்ப் பயணமும்

ஒரு பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் முன் காரை நன்றாகக் கழுவி, பேஸ்மெண்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை உச்சத்துக்கு இழுத்துவிட்டு ரயில் ஏறினேன். பத்து நாள் கழித்து வந்தால் கார் நகர மறுத்தது. ஈரத்தில் ஷூவும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொண்டிருந்தன. இப்படி ஆனால் கிளச்சைக் கருக்காதீர்கள். முதல் கியர், ரிவர்ஸ் என்று மாறி மாறி மெதுவாக ஆட்டிப் பாருங்கள். வராவிட்டால் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றிலும் தட்டுங்கள், "டொப்" என்று விடும். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் சமதளத்தில், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டே வையுங்கள்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டி வந்தால் டிரம்முக்குள்ளும் தண்ணீர் புகுந்திருக்கும். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு மூழ்கியபோது அதில் கார் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தண்ணீரைத் தாண்டியதும், பின்னால் வண்டி இல்லாத இடத்தில், கால் பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் சூட்டில் உலரும். கேபிளின் வெளியுறையில் வெடிப்பு இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு தடவை பாருங்கள், துருவின் வாசல் அதுதான். இன்றைய கேபிள்கள் பெரும்பாலானவற்றில் உள்ளே பிளாஸ்டிக் குழாய் இருப்பதால் எண்ணெய் விடத் தேவையில்லை.

நந்தி மலையிலோ ஏற்காட்டிலோ சரிவில் நிறுத்தும்போது பலர் முதலில் கியரில் போட்டு, பிரேக்கை விட்டு, அப்புறம் ஹேண்ட்பிரேக் இழுப்பார்கள். அப்போது காரின் எடை முழுதும் கியர் பாக்ஸ் மேல் தொங்கும். கால் பிரேக்கிலேயே நின்று, நியூட்ரல், ஹேண்ட்பிரேக், பிறகு காலை மெதுவாக விட்டுக் காரை ஹேண்ட்பிரேக்கில் உட்கார வையுங்கள். உட்கார்ந்த பிறகு கியரில் போடுங்கள். முன் சக்கரத்தை ஓரச்சுவர் பக்கம் திருப்பி வைப்பதும் நல்லது.

10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை பல்லை எண்ணி, தேதியோடு குறித்து வைக்கிறேன். டாஷ்போர்டுப் பெட்டிக்குள் காப்பீட்டுத் தாளின் பின்பக்கம் அந்தக் கணக்கு இருக்கிறது. பெரியவர் ஷூ மாற்றிய அன்று ஆறு. அதற்குப் பிறகு 23,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, நட்டைத் தொடவே இல்லை. போன மாதம் எண்ணியபோது ஏழு.